என் மகளின் கைரேகையும் நான் செய்த இரண்டு ஜெபங்களும்

பத்து விரல் இருந்தும் ரேகை இல்லை என்று என் மகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன வருடம் ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சென்னையில் விசாவுக்குக் கைரேகை எடுக்கிற அலுவலகத்தில் அது நடந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே காவலாளி பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். என் சட்டைப் பையில் காலி எண்ணெய் பாட்டில். அது எப்படிக் காலியானது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கப்படுகிற அளவுக்கு எனக்கு மரியாதை ஏதும் மிச்சமில்லை என்று என் மனைவி ரோசி சொல்கிறாள். அதனால் சொல்கிறேன், கேளுங்கள்.

என் பெயர் தாஸ். காஞ்சிபுரத்தில் தண்ணீர் கேன் போடுகிறேன். சின்ன காஞ்சிபுரத்தில் பல வீடுகளுக்கு என் வண்டிதான். படிப்பு மூன்றாம் வகுப்பு. அந்த வகுப்பை இரண்டு தடவை படித்ததால் நாலு வருடப் படிப்பு என்று நான் சொல்லிக்கொள்வேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல ரோசிதான் எழுதுகிறாள். எதையாவது அவள் மாற்றி எழுதினாலும் எனக்குத் தெரியப் போவதில்லை.

எங்கள் ஒரே மகள் எஸ்தர். கெமிஸ்ட்ரி படித்தவள். ஜெர்மனியில் மேல்படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. லெட்டர் வந்த அன்று ரோசி அழுதாள். நான் கேன் இறக்கிய வீட்டிலெல்லாம் செய்தியையும் இறக்கினேன்.

"ஜெர்மனி எங்கபா இருக்குது?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார்.

"அரக்கோணம் தாண்டி" என்றேன். அதற்கு மேல் நான் போனதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்றேன். என் பெண் நல்லபடியாகப் போய்ச் சேர ஜெபியுங்கள் என்று விண்ணப்பம் வைத்தேன். எல்லாரும் உருக்கமாக ஜெபித்தார்கள். மறுநாள் காலையில் வண்டி ஓட்டும்போது நான் மட்டும் தனியாக வேறொரு ஜெபம் செய்தேன்.

"ஆண்டவரே, சபையில கேட்டத கண்டுக்காதீங்க. அவ போவாம இருக்க எதுனா ஒரு வழி பண்ணுங்க. நான் கேட்டேன்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

ஏன் அப்படிக் கேட்டேன்? என் வீட்டில் நான் சொல்லும் ஜோக்குக்குச் சிரிக்கிற ஒரே ஆள் எஸ்தர். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போகட்டும் என்பேன், மற்ற ஆறு நாளும் போக வேண்டாம் என்பேன்.

இப்போது அவள் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோசியும் எஸ்தரும் பாவு பிணைக்கிறவர்கள். தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள்தான் பாவு. பழைய பாவு தீரும்போது புதுப் பாவைக் கொண்டுவருவார்கள். பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒவ்வொன்றையும் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முறுக்கினால் ஒட்டிக்கொள்ளும். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கான இழை. எஸ்தர் பள்ளிக்கூடம் போகும் நாளிலிருந்து செய்கிறாள். கல்லூரியில் கூட லீவு விட்டால் தறிக்கு முன்னால்தான். சென்னைக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம்கூட ஒரு கல்யாணப் புடவைப் பாவு முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள். பட்டும் சாம்பலும் சேர்ந்து விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. ஊரில் பாவு பிணைக்கிற எல்லாருடைய விரலும் அப்படித்தானே இருக்கிறது.

அலுவலக வாசலில் எனக்கு மனசாட்சி உறுத்தியது. ஆறு நாள் ஜெபத்துக்குப் பரிகாரமாக இன்றைக்காவது நல்லது செய்வோம் என்று, பாஸ்டர் ஐயா கொடுத்த ஜெப எண்ணெயை எடுத்தேன்.

"கையக் காட்டும்மா."

"எதுக்குப்பா?"

"காட்டேன்."

பத்து விரலுக்கும் பூசினேன். மிச்சம் இருந்ததை உள்ளங்கையிலும் ஊற்றினேன். விசுவாசத்தில் குறை வைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

உள்ளே நடந்ததை எஸ்தர் பிறகு சொன்னாள். கண்ணாடி மேல் விரலை வைத்ததும் வழுக்கியதாம். மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த பெண், "சமையல் பண்ணிட்டு நேரா வந்தீங்களா மேடம்?" என்று கேட்டாளாம். எஸ்தர் மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். எண்ணெய் போய்விட்டது. ரேகையும் இல்லை. ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்துவிட்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு தேதி கொடுத்தார்கள்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். வாலாஜாபாத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வாட்டியும் விழலன்னா விசா லேட்டாயிடும்பா. அதுக்குள்ள காலேஜ் தொறந்துடும். சீட்டு போச்சு."

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டுவிட்டார். கேட்கவே வேண்டாத ஜெபத்தைக் கேட்டுவிட்டார். இத்தனை வருடமாக எனக்கு மூட்டுவலி போகக் கேட்டேன், வண்டிக்கு நல்ல டயர் கேட்டேன், அதற்கெல்லாம் பதில் இல்லை. இதற்கு மட்டும் உடனே பதில். சந்தோஷப்பட வேண்டுமா, அழ வேண்டுமா என்று எனக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு ஓரத்தில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நேராகப் பாஸ்டர் ஐயாவிடம் போனேன்.

"ஐயா, ஒரே ஆளு ரெண்டு மாதிரி ஜெபம் பண்ணா, ஆண்டவர் எத எடுத்துப்பாரு?"

"யாருபா அந்த ஆளு?"

"எங்க தெருவுல ஒருத்தன்யா."

"அவன மொதல்ல வீட்டுல உண்மைய சொல்லச் சொல்லு. அப்புறம் ஜெபம் பண்ணலாம்."

வீட்டில் சொன்னேன். ரோசி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாயா இது, ஆண்டவராண்டயும் ரெண்டு பக்கம் புரோக்கர் வேல பாத்துக்கினு இருந்தியா?"

எஸ்தர் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. "எனக்கே சில நாள் போக வேணாம்னுதான் இருக்குதுப்பா" என்றாள். பிறகு, "ஆனா போவணும்" என்றாள்.

அந்த வார்த்தைதான் என்னை முழங்காலில் நிற்க வைத்தது. அடுப்படியிலேயே நின்றேன். "ஆண்டவரே, பழைய ஜெபத்த வாபஸ் வாங்கிக்கிறேன். அவ விரலுக்கு ரேகையக் குடுங்க. என்னுதுகூட எடுத்துக்கங்க" என்றேன். கடைசி வாக்கியத்தை யோசித்துச் சொல்லவில்லை. வாய் தவறி வந்தது.

தேய்ந்த தோல் வளர்ந்து ரேகை திரும்ப வர வேண்டுமானால் எஸ்தர் இழையைத் தொடக் கூடாது. ஆனால் அம்மாவும் மகளும் இரண்டு பாவுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். தறிக்காரர் காத்திருந்தார். ஒரு பக்கத்திலிருந்து ரோசி பிணைத்தால் மறு பக்கத்துக்கு ஆள் வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்? கேன் போட்டு முடித்துவிட்டு தினமும் மதியத்தில் நான் போய் உட்கார்ந்தேன்.

அந்த அவமானத்தை விவரமாகச் சொல்ல மாட்டேன். இருபது லிட்டர் கேனைத் தோளில் தூக்குகிற கை, ஒரு பட்டு இழையைத் தூக்கத் தெரியாமல் தடுமாறியது. முதல் நாள் நான் பிணைத்ததைவிட அறுத்ததுதான் அதிகம். எஸ்தர் கையில் தேங்காய் எண்ணெய் தடவி, சாக்ஸ் மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

"அது இழைபா. மாடு கட்ற கயிறு இல்ல."

"உங்கம்மா வேகமா போறா, அதான் எனக்குப் பதட்டமாவுது."

"நீ ஊதாத. பக்கத்து இழைலாம் பறக்குது."

ஒவ்வொரு இழைக்கும் ஒரு ஜெபம் என்று ஆரம்பித்தேன். "இவளுக்கு ரேகை வரட்டும்" என்று முறுக்குவேன். அடுத்த இழையில் பழைய ஆசை எட்டிப் பார்க்கும். உடனே அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன். எத்தனை இழையில் உண்மையாக ஜெபித்தேன், எத்தனையில் பொய்யாக ஜெபித்தேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு பாவும் முடிந்தன. தறிக்காரர் தடவிப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் நீ பண்ணதுன்னு கேக்கவே வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே வாசல். பாஸ்டர் ஐயா புதுப் பாட்டில் கொடுத்திருந்தார். அதை என் தலையில் தடவிக்கொண்டு, அதே காவலாளி பக்கத்தில் நின்றேன். எஸ்தர் உள்ளே போனாள். கண்ணாடி வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. தோள் ஒருமுறை இறங்கியது. இந்தத் தடவையும் விழவில்லை என்று நினைத்தேன். நான் கண்ணை மூடினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. "உங்களுக்கே தெரியும்" என்று மட்டும் சொன்னேன். என் வாழ்க்கையிலேயே நான் செய்த சின்ன ஜெபம் அது.

கண்ணைத் திறந்தபோது அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒம்போது விரல் உடனே விழுந்துச்சுப்பா. இடது கட்டைவிரல் மட்டும் மூணாவது வாட்டிதான்."

அந்தக் கையைப் பிடித்து அங்கேயே அழுதேன். காவலாளி, "விசா குடுக்கலியா சார்?" என்று கேட்டார். "குடுத்துடுவாங்க போல" என்று சொல்லி இன்னும் அழுதேன்.

செப்டம்பர் கடைசியில் எஸ்தர் விமானம் ஏறினாள். தறிக்கு முன்னால் அவள் இடம் காலியாக இருந்தது. நான் போய் உட்கார்ந்துவிட்டேன். இப்போதும் மதியத்தில் அங்கேதான் இருக்கிறேன். குடிப்பதை விட்டேன், சண்டையை விட்டேன் என்று சபையில் எழுந்து சாட்சி சொல்லுவார்கள். என்னிடம் மாறியது இதுதான். கொஞ்சம் நேராகப் பிணைக்கிறேன்.

போன மாதம் ரேஷன் கடைக்குப் போனேன். மெஷினில் விரலை வைத்தேன். மறுபடி வைத்தேன். அங்கே இருக்கும் அம்மா என் கையை இழுத்துப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, உனக்கு ரேகையே இல்ல?"

வரிசையில் நின்றவர்கள் முன்னால் நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. அடுப்படியில் வாய் தவறி வந்ததை ஆண்டவர் குறித்து வைத்திருக்கிறார். சாம்பல் தேய்த்தால் ரேகை போகும், தேய்க்காவிட்டால் வரும், இதில் அற்புதம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எஸ்தரும் போனில் அதைத்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டே. இருக்கலாம். எனக்கு அந்தக் கணக்கு புரியாது. அவள் அங்கே இருப்பது ஆண்டவர் கேட்ட ஜெபமா, கேட்காமல் விட்ட ஜெபமா என்பதுகூட எனக்கு இன்னும் குழப்பம்தான். இரண்டுக்கும் சேர்த்து அவருக்கு நன்றி சொல்கிறேன்.

உங்கள் பிள்ளை விசாவுக்குக் காத்திருந்தால், உங்கள் மனசு இரண்டு பக்கமும் இழுத்தால், ஜெபம் சரியாக வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழம்பினபடியே அவரிடம் போங்கள். என்னையே பொறுத்துக்கொண்டவர், உங்களையும் பொறுத்துக்கொள்வார். எண்ணெயை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.