சாலோமி டீச்சரின் வாரண்ட்

பாளையங்கோட்டையில் சாலோமி டீச்சரும் நானும் ஒரே பள்ளியில் அடுத்தடுத்த வகுப்பில் பாடம் நடத்தினோம். நான் கத்துகிற கத்தலில் ஓடு பறக்கும். அவள் வகுப்பிலிருந்து சத்தமே வராது. அப்படிப்பட்டவள் ஜீவனாம்சத்துக்காக வருஷக்கணக்கில் கோர்ட் படி ஏறினாள் என்றால் யார் நம்புவார்கள்?

அவள் புருஷன் எபனேசர் புனேயில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மகள் டெபோரா தவழ்கிற வயதில் சண்டை போட்டுக்கொண்டு போனவன், திரும்பவே இல்லை. பிள்ளைக்கு மாதாமாதம் பணம் தரவேண்டும் என்று திருநெல்வேலி கோர்ட் சொல்லிவிட்டது. சொன்னால் போதுமா? முதல் வாரண்ட் தமிழில் போனது. வாசிக்க ஆளில்லை என்று திரும்பி வந்தது. வக்கீல் சத்தியநேசன் அதை இங்கிலீஷில் மாற்றி அனுப்பவைத்தார். அந்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை என்று அதுவும் திரும்பியது.

கோர்ட்டுக்குக் கிடைக்காத அந்த மனிதன் எங்கள் சபைக்கு மட்டும் தவறாமல் கிடைத்தான். வருஷந்தோறும் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஊரே பந்தியில் உட்கார்ந்து அசனம் சாப்பிடும். அதற்குக் கொடுத்தவர்கள் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். “புனே எபனேசர், ஒரு மூடை அரிசி” என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பெல்லாம் எரியும். பெற்ற பிள்ளைக்கு ஒரு பிடி இல்லை, ஊருக்கு மூடை! விலாசம் கேட்டால் யாரோ கையில் கொடுத்தனுப்பியதாகச் சொல்வார்கள். சாலோமி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

தொண்ணூற்றாறில் அவனே நேரில் வருகிறான் என்று தெரிந்தது. அரிசி கொடுத்தவர்கள் தங்கள் கையால் பரிமாறலாம் என்பது எங்கள் சபை வழக்கம். அந்தப் பெருமையை அவன் விடுவானா? சாலோமி புது வாரண்ட் வாங்கி, போலீஸ் ஏட்டையாவைக் கோயில் வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“உள்ள தள்ளிரு சாலோமி, விடாத” என்றேன்.

“ஜெயிலுக்குப் போனா வேலை போயிரும்க்கா. பொறவு பிள்ளைக்கு யாரு தருவா? சம்பளத்துல பிடிச்சு அனுப்பச் சம்மதம்னு எழுதிக் கொடுத்தாப் போதும்.”

ஏட்டையாவுக்கு அவசரம். “இப்பமே கூட்டிட்டுப் போயிரட்டுமா?” என்றார்.

“பந்தி முடியட்டும் ஏட்டையா. நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க.”

டெபோரா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாலோமி தண்ணீர்ச் செம்போடு தள்ளி நின்றாள். எபனேசர் வெள்ளை வேட்டியும் சோற்று வாளியுமாக வரிசையில் வந்தான். நெடுநாள் கழித்து ஊருக்கு வந்தவன் அல்லவா, ஒவ்வொரு பிள்ளையிடமும் விசாரிப்பு. டெபோரா இலையில் சோற்றை வைத்துவிட்டுச் சிரித்தபடி, “நீ யாரு பிள்ளம்மா?” என்றான்.

“புனே எபனேசர் மக” என்றாள் அவள்.

அப்படித்தான் சொல்லப் பழக்கியிருந்தாள் சாலோமி. அப்பாவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை அந்தப் பிள்ளை காதில் விழுந்ததில்லை. நானாக இருந்தால் அவன் பேரையே மறக்கடித்திருப்பேன். அந்த மனசு எனக்கு வராது. அதற்காகவே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கரண்டி வாளிக்குள் விழுந்தது. எபனேசர் நிமிர்ந்தான். எதிரே சாலோமி, வாசலில் ஏட்டையா. அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“எங்க வரணுமோ இப்பமே வாரேன் சாலோமி” என்றான்.

“வக்கீல் வெளிய நிக்காரு. சம்பளத்துல பிடிக்கச் சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். அது பொறவு. பிள்ள வெறுஞ்சோத்த வச்சிட்டு உக்காந்திருக்கா, மொதல்ல கொழம்பு ஊத்துங்க.”

குழம்பு வாளியை வாங்கிவந்து ஊற்றினான். பாதி இலைக்கு வெளியே போயிற்று. அடுத்த மாதத்திலிருந்து தொழிற்சாலையே தவறாமல் பணம் அனுப்பியது. அன்றைக்கு டெபோரா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் எழுந்திருக்கும்வரை அவன் அங்கேயே நின்றான்.