கேள்வித்தாளுக்கு வைத்த பரீட்சை

என் மேஜை இழுப்பறையில் ஒரு பென்சில் கட்டை கிடக்கிறது. ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். அந்தக் காலத்து ஆபீஸ்களில் புழங்கிய ரகம். நீல முனை இன்னும் கூராக இருக்கிறது. சிவப்பு முனையோ மரத்தோடு மரமாகத் தேய்ந்துவிட்டது. வீட்டைச் சுத்தம் செய்பவர்கள் அதைக் குப்பையில் போடுவதும், நான் சத்தம் போட்டுத் திரும்ப எடுத்து வைப்பதும் வழக்கமாகிவிட்டது. அது எங்கள் சைக்காலஜி டீச்சருடைய பென்சில்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், அரியலூரில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேர்ந்தேன். எனக்கு உடையார்பாளையம் பக்கத்தில் ஒரு கிராமம். தாய்மாமனுக்கு முதல் தாரம் தவறிப்போக, என்னை இரண்டாந்தாரமாகக் கொடுப்பதென்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அவருக்கு என் வயதைப் போல இரு மடங்கு. அம்மாதான் சோறு தண்ணி இல்லாமல் படுத்து அடம்பிடித்து, "படிப்ப முடிச்சுட்டு வரட்டும், அப்பறம் பேசிக்கலாம்" என்று என்னை அனுப்பி வைத்தாள். பாதியில் திரும்பிப் போனால், பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே பந்தக்கால் நட்டுவிடுவார்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

சைக்காலஜி டீச்சர் சென்னையிலிருந்து வந்தவர். எங்களைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். நடந்தால் பக்கத்தில் வருபவர் ஓட வேண்டும். மேல்பட்டத்துக்காக ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒருவருடைய சுபாவம் ஆசிரியர் வேலைக்கு ஏற்றதா என்று கண்டுபிடிக்க, இங்கிலீஷ் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கி எங்களிடம் கொடுத்தார். ஆம், இல்லை என்று குறித்தால் போதும். "இதுல சரி தப்பு கிடையாதும்மா. மனசுல பட்டத எழுதுங்க" என்றார். யார் நம்புவது? பேப்பர் என்று கையில் கொடுத்துவிட்டு, சரி தப்பு இல்லையாம்! 'கூட்டத்தில் பேசக் கூச்சப்படுவீர்களா?' கூச்சம் இல்லை என்று எந்தப் பெண் எழுதுவாள்? 'மற்றவர்களைவிட நீங்கள் திறமைசாலி என்று நினைக்கிறீர்களா?' ஆம் என்று போட்டால் திமிர் பிடித்தவள் என்ற பேர்தான் மிஞ்சும். நான் பணிவாக, ஒரு கேள்வி விடாமல், என்னை நானே மட்டம் தட்டிக்கொண்டேன்.

வகுப்பிலேயே கடைசி இடம் எனக்கு. அது ஆராய்ச்சியோடு போயிருந்தால் பாதகமில்லை. ஆனால் அந்த வருஷம் எங்கள் படிப்புக்குக் கொடுத்த உபகாரச் சம்பளத்தில் சர்க்கார் கைவைத்துவிட்டது. யாராவது ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். யாரை அனுப்புவது என்று குழம்பிக்கொண்டிருந்த தலைமையம்மாவுக்குக் கேள்வித்தாள் வசமாகக் கிடைத்தது. "பயந்த சுபாவம். வகுப்ப கட்டி மேய்க்க மாட்டா" என்று என் பெயரைச் சுழித்துவிட்டார். நான் அழக்கூட இல்லை, அத்தனை ஆத்திரம்.

டீச்சர் தலைமையம்மாவிடம் தவணை கேட்டார். ஒரு மாதம் கழித்து அதே தாளை மறுபடி கொடுத்தால் அதே பதில்கள் வருகின்றனவா என்று பார்த்த பிறகுதான் எதையும் நம்பலாம் என்றார். மாதம் கழிந்தது, மறுபடி எழுதினோம். அச்சில் வார்த்ததுபோல் எல்லாம் அப்படியே வந்தன. டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவருடைய பட்டம் ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது. என் கதை முடிந்தது.

அன்று மத்தியானம் கிணற்றடியில் தட்டுக் கழுவும்போது என் தோழி, "நல்லவேளடி, ஒண்ணு விடாம ஞாபகம் இருந்துச்சு" என்றாள். கை கழுவ வந்த டீச்சர் நின்றுவிட்டார்.

"என்ன ஞாபகம்?"

"போன தடவ எழுதுன பதில்தாங்க டீச்சர். ஒருத்தர ஒருத்தர் கேக்கச் சொல்லி மனப்பாடம் பண்ணிட்டோம். மாத்தி எழுதுனா சொன்ன சொல்லு மாறுறவன்னு ஆயிடாதுங்களா?"

டீச்சர் அங்கேயே துவைக்கும் கல்லில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று முகம் இறுகிவிட்டது. நேராகத் தலைமையம்மாவிடம் போனார். விடுதி வராந்தாவில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இத வச்சு யாரையும் அனுப்பக் கூடாதுங்க."

"நீங்க தயார் பண்ணுனதுதானே? ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதானே வந்திருக்கு?"

"தராசுத் தட்டுல புளி ஒட்டிக்கிட்டிருந்தா எத்தன தடவ நிறுத்தாலும் ஒரே எடதாங்க காட்டும். அது சரியான எடையா?"

"அப்ப நிரூபிச்சுக் காட்டுங்க" என்றார் தலைமையம்மா.

அடுத்த சனிக்கிழமையே, பெட்ரோல் தட்டுப்பாட்டில் அடுப்புக்கரி எரித்து ஓட்டிய கரி பஸ் ஏறிப் பெரம்பலூர் போனோம். தாள்களை எடுத்துக் கொடுக்க என்னையும் அழைத்துப்போனார். ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும் பஸ். இறங்கித் தள்ளினோம், டீச்சரும் தள்ளினார். அங்கே வேலை பார்த்துவந்த ஆசிரியைகளுக்குக் கேள்வித்தாளைக் கொடுத்தார். தாள் சொன்னதை நீல முனையால் குறித்தார். பிறகு ஒவ்வொருவரும் உண்மையில் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்று கூட வேலை செய்பவர்களிடமும், பிள்ளைகளைப் பெற்றவர்களிடமும் தனித்தனியே விசாரித்துச் சிவப்பு முனையால் பக்கத்தில் எழுதினார். வயசுக்கு வந்த பெண்ணின் படிப்பை நிறுத்தப் போனால் அந்த வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வாராம் ஓர் ஆசிரியை. ஊரே அவருக்கு அடங்கும். தாளில் அவர் பயந்தாங்கொள்ளி. நாற்காலியிலேயே தூங்கி வழிகிறவர் என்று பெயரெடுத்த இன்னொருவருக்கோ முதலிடம். சிவப்பும் நீலமும் ஓரிடத்தில்கூட உருப்படியாகச் சேரவில்லை. திரும்பும் வழியில் தாள்கள் இருந்த பையை டீச்சர் மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய இரண்டு வருஷ உழைப்பு அந்தப் பையில் செத்துக் கிடந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தலைமையம்மா தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது பெரம்பலூர் சமாச்சாரம்" என்று தள்ளிவைத்தார். டீச்சர் அசரவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டி, "நீங்களும் ஒரு தடவ எழுதிக் குடுங்க" என்றார். தலைமையம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே விடுதி மூச்சடங்கும். ஆனால் பொய் எழுதுகிற மனுஷி இல்லை. எழுதிக் கொடுத்தார். டீச்சர் அவர் கண் முன்னாலேயே கூட்டிக் காட்டினார். தலைமையம்மா என்னைவிடக் கீழே வந்திருந்தார்.

அவர் தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, "பேச எழுந்தா இன்னிக்கும் நெஞ்சு படபடங்குது. அதத்தான் எழுதினேன்" என்றார். பிறகு டீச்சர் கையிலிருந்த பென்சிலை வாங்கி, என் பெயர் மேல் போட்டிருந்த சுழியைச் சிவப்பால் அடித்தார். உபகாரச் சம்பளத்தை எல்லோருக்குமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். விடுதிச் சாப்பாடு கொஞ்சம் மெலிந்தது, ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. மாமா வேறு இடத்தில் பெண் பார்த்துக்கொண்டார்.

டீச்சர் தன் கேள்வித்தாள் செல்லாது என்று தானே சென்னைக்கு எழுதிப் போட்டார். பட்டம் அந்த முறை இல்லையென்று ஆயிற்று. எங்கள் பேச்சிலிருந்தே கேள்விகளைப் பொறுக்கி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதை முடித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் படித்து வெளியேறிய அன்று அந்தப் பென்சிலை என் கையில் கொடுத்தார். நானும் தலைமையாசிரியை ஆகி ஓய்வு பெற்றேன். கூட்டத்தில் பேச இன்றும் கூச்சம்தான்.

போன வாரம் என் தங்கையின் பேத்தி முகம் வாடி வந்தாள். கம்பெனி வேலைக்குக் கம்ப்யூட்டரில் ஏதோ கேள்விகளாம். "பெரிய பாட்டி, எனக்குத் தலைமை தாங்குற குணமே இல்லன்னு வந்துடுச்சு" என்றாள். தெருவில் தண்ணீர் வராதபோது நகராட்சி ஆபீசுக்கு அத்தனை பேரையும் திரட்டிப்போனவள் அவள்.

"பதில விடு. கேள்வியப் படி."

"உங்கள் திறமையைப் பற்றித் தயங்காமல் பிறரிடம் சொல்வீர்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அந்தப் பழைய ஆத்திரமும் வந்தது. இழுப்பறையைத் திறந்து பென்சிலையும் ஒரு வெள்ளைத் தாளையும் அவளிடம் கொடுத்து, இதுவரை அவள் செய்தவற்றை எல்லாம் எழுதச் சொன்னேன். அவள் நீல முனையைத் தாளில் வைத்தாள்.

"அது வேணாம்" என்றேன். "செவப்பச் சீவு."