லதாவின் பெயரில் கிழிந்த முட்டி

முதலில் சத்தம்தான் வந்தது, வலி பிறகுதான். ஈரக் கயிறு அறுந்ததுபோல ஒரு சத்தம், என் இடது முழங்காலுக்குள்ளிருந்து. பந்து இடப்பக்கம் போனது, உடம்பும் அதன் பின்னால் திரும்பியது, செம்மண்ணில் பதிந்த ஷூ மட்டும் திரும்பவில்லை. கீழே கிடந்தேன். "லதா, எழுந்திரு லதா" என்று கோட்டோரத்திலிருந்து கூப்பிட்டார்கள். என் பெயர் லதா இல்லை. செல்வி.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் ஒரு அரசு நிறுவனத்தின் பெண்கள் ஹாக்கி அணியில் நான் லெஃப்ட் ஹாஃப் (நடுக்களத்தின் இடப்பக்கத்தைக் காப்பவர்). விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. காலையில் பயிற்சி, மதியத்துக்கு மேல் தபால் பிரிவில் உறை ஒட்டுவது. வேறு எந்த அணிக்கும் ஆடமாட்டோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். எல்லோரும் ஆடினோம். ஞாயிற்றுக்கிழமை கிளப் போட்டிகளில் ஆள் குறைந்தால் தோழிகள் வந்து கூப்பிடுவார்கள்; வராத பெண்ணின் பெயரில் இறங்குவோம். அன்று லதாவுக்குக் காய்ச்சல். முதலுதவிச் சீட்டிலும் லதா என்றுதான் எழுதினார்கள். விழுந்தவள் நான், ஸ்ட்ரெச்சரில் போனவள் லதா.

சாயங்காலத்துக்குள் முட்டி பன்போல உப்பிவிட்டது. மறுநாள் அம்மா என்னை ஆட்டோவில் எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போனார். எப்படி ஆயிற்று என்று கேட்டார் டாக்டர். அவர் எழுதும் சீட்டு அலுவலகத்துக்குப் போகும். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எக்ஸ்ரேயில் எலும்பு உடையவில்லை. இந்த வீக்கத்தில் காலை மடக்கிச் சோதிக்க முடியாது, சுளுக்காகத்தான் இருக்கும், வீக்கம் வடிந்ததும் வந்து காட்டு என்றார். வீக்கம் வடிந்தது. நான் போகவில்லை.

இதைப் படிப்பவர்களில் யாராவது முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இந்த ஒரு பத்தியை இரண்டு முறை படியுங்கள். மேலதிகாரியிடம் பொய் சொல்லுங்கள், பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் சாமியிடமும் சொல்லுங்கள். மருத்துவரிடம் சொல்லாதீர்கள். அவர் கண்ணுக்குத் தெரிவது பாதி. மீதி நீங்கள் சொல்லும் கதைதான். நான் தப்பான கதையைச் சொன்னேன். அவர் அந்தக் கதைக்குச் சரியான மருந்தைக் கொடுத்தார்.

ஆறாவது வாரம் பயிற்சிக்குத் திரும்பினேன். நேராக ஓடினால் ஒன்றுமில்லை. இடப்பக்கம் திரும்பினால் மட்டும், அடுக்கி வைத்த இரண்டு தட்டுகளில் மேல் தட்டு நழுவுவதுபோல, தொடை எலும்பு கீழெலும்பின் மேல் நழுவும். நீளமான காலுறைக்குள் கிரேப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு எட்டு மாதம் ஆடினேன். எங்கள் பயிற்சியாளர், மடிக்கேரிப் பக்கத்துக்காரர், முன்னாள் ஆட்டக்காரர், ஓரிரு முறை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததில் எனக்குச் சந்தோஷம்.

நிறுவனங்களுக்கு இடையிலான போட்டியில், தண்ணீர் தெளித்த செயற்கைப் புல்தரையில், முட்டி நழுவியது. நழுவியது திரும்பவில்லை. கால் பாதி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டது. இந்த முறை ஸ்ட்ரெச்சரில் செல்வியே போனாள்.

அதே டாக்டர்தான். மயக்க ஊசி போட்டுப் பூட்டை எடுத்தார். மறுநாள் என் இடது காலை மடக்கி வைத்து, கீழ்க்காலை இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். மேசை இழுப்பறைபோல அது முன்னால் வந்தது. என் கால் இவ்வளவு தூரம் வரும் என்று எனக்கே தெரியாது. பயந்துவிட்டேன்.

"பாத்ரூம்ல விழுந்து இது அறுந்துபோறது ரொம்ப அபூர்வம்மா. ஓடிட்டிருக்கும்போது திடீர்னு திரும்பினியா? சத்தம் கேட்டுச்சா?"

எல்லாவற்றையும் சொன்னேன். லதாவையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அன்னைக்கே அந்தச் சத்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, குருத்தெலும்பாவது தப்பிச்சிருக்கும்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வருத்தப்பட்டார்.

அறுந்தது ஏ.சி.எல். (முழங்காலுக்குள் மேலெலும்பையும் கீழெலும்பையும் குறுக்காகக் கட்டிவைத்திருக்கும் தசைநார்). அது இல்லாமல் எட்டு மாதம் ஆடியதில் மெனிஸ்கஸும் (இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தையாக இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்துபோயிருந்தது. கிழிந்த துண்டை எடுத்தே ஆகவேண்டும். தசைநாரைப் புதிதாகக் கட்டுவது அவசியமில்லை என்றார். அந்த நாட்களில் அந்த அறுவை சிகிச்சையைப் பெண்களுக்கு யாரும் பெரிதாகச் சிபாரிசு செய்வதில்லை.

"தினசரி வாழ்க்கைக்கு இது இல்லாமலே போதும்மா. மாடி ஏறலாம், சமைக்கலாம், கல்யாணம் பண்ணிக்கலாம்."

"என் தினசரி வாழ்க்கை காலைல ஆறு மணிக்கு கிரவுண்ட்ல ஆரம்பிக்குது சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மறுபடி ஆட ஒன்பது மாதமாவது ஆகும், ஆடினாலும் பழைய கால் கிடைக்காது, பாதியில் விட்டால் இப்போது இருப்பதைவிட மோசமாகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

அலுவலகத்திலும் எனக்கு நல்லதுதான் செய்யப் பார்த்தார்கள். பயிற்சியாளர் ஒரு தாளோடு வந்தார். உடல்நிலை காரணமாக அணியிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால், இரக்கத்தின் பேரில் தபால் பிரிவிலேயே நிரந்தரமாக்க மேலே பேசி வைத்திருந்தார். கையெழுத்துப் போடாமல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆட முடியாமல் போனால், வேலையும் போகும். உட்கார்ந்து சம்பளம் வாங்கலாம் என்றார். அவர் நல்ல மனிதர். அந்த நிமிடம் அவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கையெழுத்துக்குப் பதில் உண்மையைச் சொன்னேன், லதா பெயரில் ஆடிய ஞாயிற்றுக்கிழமையை.

"தெரியும். அன்னைக்கு சாயங்காலமே தெரியும். நானும் அந்தக் காலத்துல மூணு பேர் பேர்ல ஆடியிருக்கேன்" என்றார்.

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை? கேட்டால் எழுதவேண்டி வரும், எழுதினால் என் வேலை போகும் என்று விட்டாராம். என்னைக் காப்பாற்ற அவர் பேசாமல் இருந்தார், என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் பேசாமல் இருந்தேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் குருத்தெலும்பைத் தின்றுவிட்டோம். அவர் முகத்துக்கு நேராகவே இதைச் சொன்னேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒன்பது மாதம் லாஸ் ஆஃப் பே (சம்பளமில்லா விடுப்பு) வாங்கித்தருகிறேன், அதற்கு மேல் என்னால் ஆகாது என்றார்.

அம்மா மாநகராட்சியில் துப்புரவு வேலை. விடியுமுன் போய்ப் பத்து மணிக்கு ஸ்ரீராம்புரம் வீட்டுக்குத் திரும்புவார். அவரிடம் பேச நான் பெரிய வசனமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். துடைப்பத்தை மூலையில் சாய்த்துவிட்டு, கதை முழுவதையும் கேட்டார்.

"கால் உன்னுது. நான் பெத்தேன், அவ்ளோதான். ஆனா இனிமே பாத்ரூம் மேல பழி போடாத. தெனம் கழுவுறவ நானு."

முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, அறுந்ததன் இடத்தில் வைத்து, இரண்டு எலும்பிலும் திருகாணி போட்டார்கள். கண் விழித்தபோது கால் வேறு யாருடையதோபோலக் கட்டிலில் கிடந்தது. கட்டைவிரலை ஆட்டு என்றார் நர்ஸ். ஆட்டினேன். அழுதேன். வலியால் இல்லை. விரல் ஆடியதால்.

அதற்குப் பின் வந்ததை யாரும் சொல்லமாட்டார்கள், அது அவ்வளவு சலிப்பானது. முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து அமுக்குவது. ஐந்து எண்ணும்வரை பிடிப்பது. விடுவது. இடது தொடை வலது தொடையில் பாதியாக இளைத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்து, பொண்ணு இப்படி ஆயிட்டாளே என்று அம்மாவிடம் துக்கம் விசாரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் இன்னும் இருபது முறை அமுக்குவேன். இயன்முறை மருத்துவர் (உடற்பயிற்சி மூலம் தசைகளை மீட்பவர்) வாரம் ஒருமுறை கோணத்தை அளப்பார். ஒரு வாரம் முழுக்க உழைத்தால் இரண்டு டிகிரி. சில வாரம் அதுவும் இல்லை. அந்த வாரங்களில் வீட்டில் யாரோடும் பேசமாட்டேன்.

மறுபடியும் நழுவுமோ என்ற பயம் தசையில் இல்லை. அதைத் துண்டு வைத்து அமுக்கவும் முடியாது. ஏழாவது மாதம் மைதானத்தில் நேராக ஓடினேன். எட்டாவது மாதம் வலப்பக்கம் திரும்பினேன். இடப்பக்கம் திரும்பச் சொன்னால் கால் நின்றுவிடும். மூன்று வாரம் நின்றது. நான்காவது வாரம், யாரும் இல்லாத கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு திரும்பினேன். கால் வந்தது. அன்று அதே இடத்தில் நாற்பது முறை திரும்பினேன், நாற்பது முறையும் அதே வார்த்தை.

டாக்டர் சொன்னதுபோலப் பழைய கால் கிடைக்கவில்லை. வேகத்தில் ஒரு அரை நொடி போய்விட்டது. பயிற்சியாளர் என்னைப் பின்வரிசைக் காவலுக்கு மாற்றினார். அங்கே ஒன்றைக் கற்றேன்: அரை நொடி தாமதமாகப் போகும் காலுக்கு, அரை நொடி முன்னால் கிளம்பவேண்டும். எதிராளி பந்தைத் தொடும் முன் அவள் தோளைப் பார்ப்பேன், இடுப்பைப் பார்ப்பேன். மற்றவர்களுக்கு நடந்துகொண்டிருப்பது எனக்கு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். முழுக் காலோடு ஆடிய நாளில் எனக்கு இது தெரியாது. வேலை நிரந்தரமானது. மேலும் நான்கு வருடம் ஆடினேன், எல்லா ஆட்டமும் என் பெயரில்.

இப்போது மழைக்கு முன் முட்டி சொல்லிவிடுகிறது. படி இறங்கும்போது உடம்பு என்னைக் கேட்காமலே இடக்காலை முதலில் வைக்கிறது. தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. விசேஷ வீடுகளில் நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்கிறேன், வெட்கப்படுவதில்லை. எழுந்திருப்பதற்கு ஒரு நொடி முன்பே எழுந்திருக்க ஆரம்பிக்கிறேன். அந்த ஒரு நொடி என்னுடையது, சம்பாதித்தது.

கடைசி ஆட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பின்னால். அந்த வருடம் முழுக்க வலி, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஐஸ். நிறுத்திவிடலாம் என்று எத்தனையோ முறை தோன்றியது. முட்டி சொல்லி நிறுத்தக்கூடாது என்று நிறுத்தவில்லை. ஒரு பிப்ரவரிக் காலையில் எழுந்தேன், வலியே இல்லை. எழுபது நிமிடமும் ஆடினேன். இடப்பக்கம் திரும்பினேன், வலப்பக்கம் திரும்பினேன், முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டம் முடிந்ததும் மட்டையைப் பயிற்சியாளர் கையில் கொடுத்து, இனி ஆடமாட்டேன் என்றேன்.

"கால் வலிக்குதா செல்வி?"

"இல்ல சார். அதனாலதான் இன்னைக்கு."