சிவப்பு விளக்கை மூடிய கை

அந்தக் கோப்பை அழித்தவன் நான். மேலதிகாரி சொன்னார் என்பது உண்மை. ஆனால் விசைப்பலகையில் இருந்தவை என் விரல்கள். இன்றும் கண்ணில் நிற்பது, சுவரிலிருந்த சுவிட்சின் சிவப்பு விளக்கை மூடியிருந்த ஒரு பெண்ணின் கை.

அவள் எங்கள் காணிப் பிரிவின் கணினி உதவியாளர். கடற்கரையில் தோணி இழுத்து வைக்கும் குடும்பங்களிடம் அவர்கள் தங்கும் குடிசைகளுக்கு வாடி வாடியாகப் போய், அந்தக் கரை அவர்களுடையது என்பதற்குக் கையொப்பமும் படமும் வாங்கி, ஒரே பெரிய கோப்பாகச் சேர்த்திருந்தாள். அது இல்லாமற்போனால் அந்த மணலில் ஹோட்டல் கட்ட வேலி போட்டுவிடுவார்கள். கரை யாருக்கு என்ற விசாரணைக்கு முந்தைய நாள், நண்பகல் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளு எடுத்த கையோடு வந்து அதை அழித்தேன். கையில் ஈரம்கூடக் காயவில்லை.

அழித்தும் அலுவலகப் பொதுக் கணினியில் காலியிடம் கூடவில்லை. படித்தவன், உடனே விளங்கிவிட்டது. யுனிக்ஸ் வகைக் கணினியில் அழிப்பது என்றால் கோப்பகத்திலிருந்து பெயரை எடுப்பதுதான். வேறு பெயரும் இல்லாமல், திறந்து வைத்திருக்கும் கடைசி நிரலும் கைவிட்ட பிறகே கோப்பின் இடம் பறிபோகும். அவளுடைய நிரல் ஒன்று அதைத் திறந்து வைத்திருந்தது. மின்சாரத்தை நிறுத்தினால் அந்தப் பிடியும் விட்டுவிடும். அவள் மேசையருகே சுவரில் இருந்த அதன் சுவிட்சை நோக்கி நடந்தேன். பட்டியலில் கோப்பின் பெயர் காணாமற்போனதை அவள் அதற்குள் கண்டுவிட்டாள். சுவிட்சை இடது கையால் மூடினாள்.

“கைய எடு மகள்.”

“எடுக்க மாட்டன். நீங்க அழிச்ச பேர மட்டும்தான் சேர், பைல் உள்ளுக்க இரிக்கி. வேணுமெண்டா என்ட கையப் புடிச்சி இழுங்க. வுளு முறிஞ்சிரும், பரவாயில்லயா?”

அந்நியப் பெண்ணைத் தொட்டால் வுளு முறியும். ஓர் ஊரின் கரையைப் பறிக்கத் துணிந்த நான், அதற்கு அஞ்சி நின்றேன். அவள் வலது கையால் தட்டி, அந்த நிரலின் பிடியிலிருந்தே கோப்பைப் புதுப் பெயரில் நகலெடுத்தாள்.

மறுநாள் விசாரணையில் எழுந்து, அழித்தது நான், அழிக்கச் சொன்னவர் மேலதிகாரி என்று எழுத்தில் கொடுத்தேன். என் பதவி உயர்வு போனது. சொன்னவர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். வேலி வரவில்லை. பழசைக் கிளறாதீங்க என்கிறார்கள் வீட்டார். கிளறுவேன்.

அவளிடம் மாப்புக் கேட்டேன். “எனக்கிட்ட ஏன் சேர்? கடக்கரைக்குப் போய்க் கேளுங்க” என்றாள். போன வாரம்தான் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டிருந்த ஒரு மீனவர், “சரி, தள்ளி நில்லுங்க, தோணி ஏறுது” என்று கயிற்றைப் பிடித்தார். நானும் பிடித்தேன்.

“கைய எடுங்க” என்றார்.

எடுத்தேன். தோணி தன் இடத்துக்கு ஏறியது.