மதினி தினமும் திறந்த கடை

கம்பத்திலிருந்து குமுளி போகும் சாலையில் என் அண்ணனும் மதினியும் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருந்தார்கள். பேருக்குத்தான் அண்ணன் கடை. காய் பார்த்து வாங்குவது, எண்ணெய்ப் பதம் பார்ப்பது, வாயாடி விற்பது எல்லாம் மதினி. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சாமிமார் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள், அடுப்பு அணையாது. தை முடிந்து கூட்டம் வடிந்ததும் பெரிய வாணலியைக் கழுவி அண்ணன் பரணில் ஏற்றிவிடுவார். மறுபடி கார்த்திகை வரை சின்ன வாணலிதான், ஈ ஓட்டும் வியாபாரம்தான். பெரிய வாணலி மேலே போகிற அன்றைக்கு மதினி யாரிடமும் பேசமாட்டார்.

"ஊருக்குப் போன பெறகு ஒங்க சிப்ஸ் வேணும்னா என்ன செய்யிறதுன்னு சாமிமாரு கேக்குறாக தம்பி. நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தான, ஒரு வழி பண்ணேன்" என்றார் ஒரு வருடம்.

நான் அப்போது தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். இணையத்தில் கடை நடத்துவதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைத்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே கைவைத்து மாற்றிக்கொள்ளலாம். அதை நிறுவுவதற்குள்தான் உயிர் போய்விடும்.

மதினிக்கோ நல்ல நேரத்தில் தன் கையால் திறக்க வேண்டும். கடையிலிருந்த பழைய கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து உட்கார்ந்தார். டேட்டாபேஸ் பேர் என்ன, சர்வர் எங்கே, கடவுச்சொல் என்ன, இந்தக் கோப்பில் எழுத எனக்கு அனுமதி உண்டா என்று அது கேட்டுக்கொண்டே போனது. நான் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் தட்டினார். பாதியில் கரண்ட் போனது. வந்தபோது அது மறுபடி முதல் கேள்வியில் நின்றது, ராகு காலமும் பிறந்துவிட்டது.

"ஒரு கடையத் தொறக்க இம்புட்டு விசாரணையா? போலீஸ் ஸ்டேசன்ல கூட இப்பிடிக் கேக்க மாட்டாக" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம் மதினி மேல் அல்ல, அதை எழுதிய புண்ணியவான்கள் மேல். சாயங்காலமெல்லாம் உட்கார்ந்து அந்த நிறுவும் பகுதியைப் பிரித்து மேய்ந்தேன். எல்லாக் கேள்விக்கும் பதிலை முன்கூட்டியே உள்ளே எழுதி வைத்தேன். மாதிரிச் சரக்காக அதில் அடுக்கியிருந்த கேமராவையும் செருப்பையும் தூக்கிவிட்டு உப்பு சிப்ஸ், காரச் சிப்ஸ், வெல்லப்பாகில் புரட்டிய சர்க்கரை உப்பேரி எல்லாவற்றையும் படத்தோடு வைத்தேன். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு பச்சைப் பொத்தான். ரொம்பப் பெருமையாக இருந்தது.

அடுத்த முகூர்த்த நாளில் மதினி அதை அழுத்தினார். சூடம் எரிந்து முடிவதற்குள் கடை எழுந்து நின்றது. இனி நிறுவும் பகுதியை அழித்துவிடு என்று ஓரத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது.

"தொறந்த அன்னைக்கே அழிக்கிறதா? கல்யாணம் முடிஞ்ச கையோட பந்தலப் பிரிப்பாகளா?"

வாய்ச்சண்டையில் மதினியை ஜெயிக்க முடியாது. அப்படியே விட்டுவிட்டுத் தேனிக்குப் பஸ் ஏறினேன்.

அந்த சீசன் முழுக்க பொட்டலத்துக்கு ஒன்றாக இணைய முகவரி அச்சடித்த துண்டுச் சீட்டு போட்டார்கள். தையும் முடிந்தது. ஒரு ஆர்டர் இல்லை. பகலெல்லாம் அடுப்படியில் நிற்கும் மதினி, காலையில் ஒரு தடவை ஆர்டர் பார்ப்பதோடு சரி. நான் தேனியிலிருந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கடை நன்றாகத்தான் இருந்தது. "மாலையப் போட்டுக்கிட்டுப் பொய் சொல்லுவாகளா?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தவர், பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாசி பிறந்ததும், பெரிய வாணலி பரணேறும் முன்பே, கரூர் சாமி ஒருவர் கடைக்குப் போன் செய்து அண்ணனைப் பிடிபிடியென்று பிடித்தார். இரண்டு ராத்திரி ஆர்டர் போட்டும் பதிலே இல்லையாம். நான் கம்பத்துக்குப் போனேன். காலையில் மதினி ஷட்டரைத் தூக்கினார், வாசலில் தண்ணீர் தெளித்தார், சாம்பிராணி போட்டார், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பச்சைப் பொத்தானை அழுத்தி விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என்ன மதினி பண்றீக?"

"கடை தொறக்குறேன்."

"தெனமுமா?"

"கடைன்னா தெனமும் தொறக்காம? வருசத்துக்கு ஒருக்காவா தொறப்பாக?"

அது கடையைக் கட்டுகிற பொத்தான். அழுத்தும்போதெல்லாம் பழைய கடையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். சாமிமார் வேலை முடிந்து ராத்திரியில் போட்ட ஆர்டரெல்லாம் விடிந்ததும் இடிபாட்டோடு போயிருக்கிறது. ஆர்டர் வந்தால் எனக்கு மெயில் வர நான் செய்திருந்த ஏற்பாடும் அப்படியே போயிருக்கிறது. அதே சிப்ஸ் படங்களோடு புதுக்கடை நின்றதால் யாருக்கும் தெரியவில்லை.

"தெனமும் யாராச்சும் இன்ஸ்டால் பண்ணுவாகளா?" என்று கத்தினேன்.

"ஒத்தப் பொத்தான வச்சுக் குடுத்தது யாரு?" என்று திருப்பிக் கத்தினார். பிறகு குரல் இறங்கியது. "அப்ப ஆளு வந்திருக்காகளா தம்பி?"

"வந்திருக்காக மதினி."

"சாமிமாரு பொய் சொல்லல" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பொத்தானை எடுத்துவிடுகிறேன் என்றதற்கு விடவில்லை. காலையில் எதைத் தொட்டு வியாபாரத்தை ஆரம்பிப்பது என்றார். சரியென்று, கடை ஏற்கனவே இருந்தால் எதையும் இடிக்காமல் புது ஆர்டர்களை மட்டும் காட்டும்படி மாற்றினேன். பிற்பாடு இந்தத் திருத்தத்தை மென்பொருள்காரர்களுக்கே அனுப்பியபோது, தினமும் யார் நிறுவப் போகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். எங்கள் மதினி என்று எழுதினேன். சேர்த்துக்கொண்டார்கள்.

கரூர் சாமியிடம் மன்னிப்புக் கேட்டு, இன்னொரு தடவை ஆர்டர் போடச் சொல்லிவிட்டு அன்றைக்கு அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை மதினி ஷட்டரைத் தூக்கித் தண்ணீர் தெளித்தார். அண்ணன் எதையும் நம்பாமல் பெரிய வாணலியோடு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். மதினி பொத்தானை அழுத்தினார். கரூர் சாமி இருந்தார். அவருக்குக் கீழே, நாங்கள் கூப்பிடாமலே, திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் இருந்தார்.

மதினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏங்க, அத எறக்கி அடுப்புல வைங்க" என்றார். "ஆளு ராத்திரியே வந்து நிக்கிறாக."