பிந்திப் போன கால்

வடபழனி அணியிடம் ஏழு கோல் வாங்கிய அன்று தங்கத்தின் முன்பல் ஒன்று போயிற்று. கார்னர் பந்துக்கு எழும்பியபோது எவளோ ஒருத்தியின் முழங்கை அவள் வாயில் இறங்கியது. விழுந்து எழுந்தவள் நாக்கால் துழாவிப் பார்த்தாள். பல் இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது. துப்பினாள். ரெஃப்ரி ஓடிவந்து, "வெளிய போறியாம்மா?" என்றார்.

"எதுக்கு சார்? பல்லுலயா பந்து ஆடுறேன்?" என்றாள் தங்கம். அந்தக் கார்னரில்தான் ஏழாவது கோல் விழுந்திருந்தது.

அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மந்தைவெளி பெண்கள் அணியில் கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற பேக். தி.நகரில் அண்ணன் கருணாகரன் வைத்திருந்த பாத்திரக்கடையில் அண்டாவும் கொப்பரையும் ஏற்றி இறக்கி உரமேறிய தோள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து கடை போட்ட குடும்பம். பள்ளிக்கூட நாளில் நன்றாக ஆடியவளைக் கோவில்பட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே புருஷன் அடித்தான். மறுநாள் யாராவது அவள் கன்னத்தைப் பார்த்துக் கேட்டால், "சும்மா தட்டினேன்" என்பான். சில வருஷம் வாங்கிக்கொண்டாள். ஒருநாள் அவன் கையை ஓங்கியபோது அடுப்பில் கிடந்த இரும்புத் தோசைக்கல்லைத் தூக்கி அவன் மணிக்கட்டில் ஒரே போடு போட்டாள். அவன் அலறிக்கொண்டிருக்கும்போதே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அண்ணன் கதவைத் திறந்தான், தங்கையின் முகத்தைப் பார்த்தான், "உள்ள வாட்டி" என்றான். அதற்குமேல் இன்றுவரை ஒன்றும் கேட்டதில்லை.

அதன்பிறகு மறுபடி பந்து ஆடப் போனாள். மைதானத்தில் அடி விழுந்தால் விசில் ஊத ஒருத்தர் இருந்தார். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

பயிற்சியாளர் ஸ்ரீனிவாசராகவன் மயிலாப்பூர்க்காரர், கல்லூரியில் கணக்கு வாத்தியார். ஏழு கோல் வாங்கியதற்கு மறுவாரம் எல்லாரையும் மைதானத்து ஓரத்தில் உட்காரவைத்துச் செல்போனில் வடபழனியின் ஆட்டங்களைப் போட்டுக் காட்டினார்.

"நன்னாப் பாருங்கோ. பந்து இவாகிட்டேர்ந்து போச்சுன்னா அடுத்த நிமிஷமே மூணு பேர் சூழ்ந்துக்கறா. பந்தை எடுக்க முடியலைன்னா சின்னதா ஒரு ஃபவுல். காலை லேசா ஒரு தட்டு, முதுகுல ஒரு இடி. அடுத்த தடவை வேற ஒருத்தி பண்றா. ஒருத்தியே திரும்பத் திரும்பப் பண்ணினாத்தானே கார்டு? இதான் அவா லீக்ல முதல்ல இருக்கற ரகசியம். இனிமே நாமளும் இதைத்தான் பண்ணப் போறோம்."

"அடிக்கச் சொல்றீங்களா சார்?" என்றாள் தங்கம்.

"யாரு அடிக்கச் சொன்னா? சும்மா ஒரு தட்டு."

தங்கம் குனிந்து பூட்ஸ் நாடாவை இழுத்துக் கட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோல்கீப்பர் தஹ்சீன் குதித்தாள். ராயப்பேட்டையில் பார்லர் வேலை பார்க்கிற பெண். ஏழு தடவையும் வலையிலிருந்து பந்தைப் பொறுக்கியவள். "சூப்பர் சார்! நம்மளும் வாங்கிக்கினே இருக்கணும்னு இன்னா தலையெழுத்தா?"

பயிற்சியே சண்டையாக மாறியது. தமக்குள்ளேயே ஒருத்தியை ஒருத்தி தட்டிப் பழகினார்கள். சாருலதாவின் கணுக்கால் வீங்கியது. அவள்தான் அணியிலேயே வேகமாக ஓடத் தெரிந்தவள். எவளோ தன் சட்டையைக் கிழித்தாள் என்று இன்னொருத்தி செருப்பைத் தூக்கினாள். மாலையில் கடைக்குத் திரும்பிய தங்கத்தின் கெண்டைக்காலில் கன்றிய தழும்புகளைப் பார்த்து கருணாகரன், "ஏட்டி, பந்தாடப் போறியா, களவாணிப் பயலுவகூட மல்லுக்கட்டப் போறியா?" என்றான்.

ஆனால் அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தார்கள். எதிரணி ஆறாவது இடத்தில் இருந்தது. மந்தைவெளிப் பெண்கள் அவர்களை நடுமைதானத்திலேயே மடக்கி மடக்கி விழவைத்தார்கள். கடைசியில் எதிரணியில் பாதிப் பேர் நொண்டிக்கொண்டிருந்தபோது சாருலதா ஒரு கோல் போட்டாள். ஒன்றுக்கு பூஜ்யம். தஹ்சீன் ஓடிவந்து தங்கத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். தங்கமும் சிரித்தாள். வாரக்கணக்கில் பொத்தி வைத்திருந்த வாயைத் திறந்து, பல் போன ஓட்டை தெரிய, நன்றாகவே சிரித்தாள். எதிரணிப் பெண் ஒருத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்ததை அவள் பார்க்கத்தான் செய்தாள். பார்த்தும் சிரித்தாள்.

அதற்கடுத்தது அடையாறு அணி.

அடையாறில் அனுப்ரியா என்று ஒரு பெண். கல்லூரி மாணவி, இடது ஓரத்தில் ஆடுகிறவள். காலில் சக்கரம் கட்டியது போல ஓடுவாள். முதல் பாதி முழுக்க மந்தைவெளிக்காரர்கள் அவளைத் துரத்தினார்கள். மூன்று பேராகப் போனார்கள். செல்போனில் பார்த்த வடபழனிக்காரிகள் போய்ச் சேரும்போது பந்து அங்கே இருக்கும். இவர்கள் போய்ச் சேரும்போது பந்து கிளம்பிப் போயிருக்கும். வெயில் வேறு. இரண்டாம் பாதியில் எல்லாருக்கும் நாக்குத் தள்ளியது. தங்கத்துக்குத் தொடை நடுங்கியது. கோல் வாசலிலேயே நின்று பழகியவள் நடுமைதானம் வரை ஓடி ஓடித் திரும்பிக்கொண்டிருந்தாள்.

அனுப்ரியா பந்தோடு வந்தாள். ஓரத்திலிருந்து ஸ்ரீனிவாசராகவன், "தங்கம், தட்டு! தட்டு!" என்று கத்தினார். தங்கம் காலை நீட்டினாள். கணுக்காலை லேசாகத் தொட வேண்டியதுதான். ஆனால் களைத்த கால் நினைத்ததற்குப் பிந்தியே போயிற்று. அனுப்ரியா அதற்குள் பந்தை விலக்கிவிட்டு அந்தக் காலையே தரையில் ஊன்றியிருந்தாள். தங்கத்தின் பூட்ஸ் அவள் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முழு எடையோடு இறங்கியது.

காய்ந்த விறகை முழங்காலில் வைத்து முறித்தது போல ஒரு சத்தம். அனுப்ரியாவின் கால் மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. ஒரு நொடி அவள் கத்தவில்லை. தன் காலைப் பார்த்தாள். பிறகு கத்தினாள்.

ரெஃப்ரி சிவப்புக் கார்டை எடுப்பதற்குள் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. அனுப்ரியாவின் அண்ணன் மகேஷ் கார்னர் கொடிக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தான். தங்கத்தைக் குறிவைத்துச் சுழற்றினான். குறுக்கே வந்த தஹ்சீனின் நெற்றியில் பட்டுப் பிளந்தது. முகமெல்லாம் ரத்தமாக அவள் உட்கார்ந்தாள். மகேஷ் மறுபடி ஓங்கினான். அந்த ஓங்கிய கையைப் பார்த்ததும் தங்கத்துக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. அவன் வயிற்றில் தலையால் முட்டிக் கீழே தள்ளினாள். மேலே ஏறி உட்கார்ந்து குத்தினாள். மூக்கில், வாயில், கண்ணில். அவன் கை தளர்ந்த பிறகும் குத்தினாள். தன் கை முட்டி கிழிந்து எலும்பு தெரிந்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

"போறும்மா! செத்துடுவான்!" என்று ஸ்ரீனிவாசராகவன் அவளை இடுப்போடு பிடித்து இழுத்தார். எவனோ கம்பை எடுத்து அவரையும் அடித்தான். அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பெண்களுக்கு முன்னால் நின்றார். கண்ணாடி தெறித்தது, இடது கை ஒடிந்தது. போலீஸ் வரும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை.

ஸ்டேஷனில் இரு தரப்பும் எழுதிக் கொடுத்துச் சமாதானமாகப் போனார்கள். லீக்காரர்கள் தங்கத்தை அந்தப் பருவம் முழுக்க ஆடக் கூடாது என்று விலக்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்றான் கருணாகரன். தங்கம் போனாள். அனுப்ரியாவின் காலில் கம்பி வைத்துத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். வாசலில் வீங்கிய முகத்தோடு மகேஷ் இருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான், பிறகு என்ன நினைத்தானோ உட்கார்ந்துவிட்டான்.

அனுப்ரியா சுவரைப் பார்த்தபடியே, "எதுக்கு வந்தீங்க?" என்றாள்.

"வேணும்னு பண்ணலம்மா. நான் சும்மா தட்டத்தான்…"

அந்த வார்த்தை வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அது யாருடையது என்று தங்கத்துக்குத் தெரிந்தது. கோவில்பட்டி வீட்டு வாசலில் நின்று அக்கம்பக்கத்தாரிடம் சிரித்துக்கொண்டே புருஷன் சொல்லும் அந்தக் குரல். இப்போது அது தன் வாயிலிருந்து வந்திருந்தது.

"சும்மா தட்டினா இப்படித்தான் ஆகுமா?" என்றாள் அனுப்ரியா. கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து எறிந்தாள். தங்கத்தின் புருவத்தில் பட்டது. தங்கம் விலகவில்லை. டம்ளரை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அந்த வாரப் பயிற்சிக்கு ஸ்ரீனிவாசராகவன் கையில் கட்டோடு வந்தார். தஹ்சீன் தலையில் தையலோடு வந்தாள். வடபழனியோடு இன்னொரு ஆட்டம் பாக்கி இருந்தது. அதில் தோற்றால் கீழ் டிவிஷன்.

"அதே மாதிரிதான் ஆடப் போறோம்" என்றார் அவர்.

"வேண்டாம் சார்" என்றாள் தங்கம். "அவங்க பந்துகிட்ட இருந்துக்கிட்டே தட்டுறாங்க. நாம பந்து போன அப்புறம் போறோம். லேட்டாப் போற காலு எலும்புமேலதான் விழும். நமக்கு அந்த ஓட்டம் இல்ல. நம்ம கோல் வாசல்ல நெருக்கமா நிப்போம். பந்து கெடைச்சா சாருவுக்கு நீளமா அடிப்போம்."

"முதல் இடத்துல இருக்கறவா பண்றதைத்தானே கடைசி இடத்துல இருக்கறவா கத்துக்கணும்? இப்படி ஆடித்தானே ஒரு மேட்ச் ஜெயிச்சோம்?"

தங்கம் தஹ்சீனைப் பார்த்தாள். தலை பிளந்தவள் தன் பக்கம் பேசுவாள் என்று நினைத்தாள். தஹ்சீன் தரையைப் பார்த்துக்கொண்டே, "சார் சொல்றதுதான் கரெக்ட்டுக்கா. அன்னிக்கு ஒரு நாள்தான் நான் கோல் வாங்காம வூட்டுக்குப் போனேன். உனக்குப் பயம் வந்துட்ச்சு" என்றாள்.

"ஆமாண்டி, வந்துடுச்சு. அந்தப் பொண்ணு கால் உடைஞ்ச சத்தம் உனக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு." தங்கம் தஹ்சீனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். தஹ்சீன் அவளை நெஞ்சில் தள்ளினாள். இரண்டு பேரும் மண்ணில் உருண்டார்கள். மற்றவர்கள் பிரித்துவிட்டார்கள். பிரிக்கும்போது தஹ்சீனின் தையல் விட்டு மறுபடி ரத்தம் வழிந்தது. தங்கம் தன் துப்பட்டாவை எடுத்து அதை அழுத்திப் பிடித்தாள். தஹ்சீன் தட்டிவிடவில்லை.

வடபழனியோடு ஆட்டம் சார் சொன்னபடியே நடந்தது. தங்கம் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். இரண்டு பேர் சிவப்புக் கார்டில் வெளியே போனார்கள். வடபழனிக்காரிகள் இவர்கள் பிந்தி வருவதைத் தெரிந்துகொண்டு, பந்தை முன்கூட்டியே கடத்திவிட்டு விலகி நின்றார்கள். மந்தைவெளிப் பெண்கள் ஒருத்தியோடு ஒருத்தி மோதி விழுந்தார்கள். ஐந்து கோல். அணி கீழே இறங்கியது. ஸ்ரீனிவாசராகவன் வேலியோரம் வந்து ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "அடுத்த வருஷம் நீ சொன்னாப்பல ஆடிப் பாக்கலாம். வராம இருந்துடாதே" என்றார்.

அடுத்த வருஷம் கீழ் டிவிஷனில் மந்தைவெளி கோல் வாசலில் இரண்டு வரிசையாக நெருங்கி நின்று ஆடியது. பார்க்க அழகாக இல்லை. நிறைய ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்தது, சிலவற்றில் ஜெயித்தார்கள். எல்லா டிவிஷனும் சேர்ந்து ஆடும் ஒரு கோப்பைப் போட்டியில் எதிரே வந்தது அடையாறு. அனுப்ரியா ஆடினாள். முட்டிவரை ஏற்றிவிட்ட சாக்ஸுக்குள் அவளுடைய கால் சற்று மெலிந்திருந்தது.

முதல் பந்து உயர வந்தபோதே அனுப்ரியா குதித்து முழங்கையைத் தங்கத்தின் மூக்கில் இறக்கினாள். வேண்டுமென்றேதான். தங்கத்துக்குக் கண் இருட்டியது. மூக்கிலிருந்து குழாய் திறந்தது போல ரத்தம் கொட்டியது. தஹ்சீன் கோலை விட்டு, "ஏய் இன்னாடி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். தங்கம் அவள் பின்கழுத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"கோலுக்குப் போ."

"அக்கா, மூக்கு உடைஞ்சி கீது!"

"என் மூக்குடி. கோலுக்குப் போ."

பஞ்சை அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டபடி ஆடினாள். அனுப்ரியா அவளைத் தாண்டி ஒரு கோல் போட்டாள். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்திருந்தால் தடுத்திருக்கலாம். தங்கம் இழுக்கவில்லை. சாருலதா ஒன்றைத் திருப்பிப் போட்டாள். அதன்பிறகு அனுப்ரியா மறுபடி பந்தோடு தனியாக வந்தாள்.

இந்த முறை தங்கம் தன் இடத்திலேயே இருந்ததால் நேரம் இருந்தது. பந்து அவள் காலைவிட்டு அரை அடி விலகும்வரை காத்திருந்து சறுக்கினாள். பூட்ஸ் பந்தில் பட்டது. பந்து வெளியே பறந்தது. அனுப்ரியா தங்கத்தின் உடம்பின்மேல் தடுக்கிக் குப்புற விழுந்து காலைப் பிடித்துக்கொண்டாள்.

வேலிக்கு வெளியே மகேஷ் எழுந்து நின்றான். தங்கம் மண்ணில் கிடந்தபடியே அந்தக் காலைப் பார்த்தாள். ரெஃப்ரி விசிலை வாயருகே கொண்டுபோனார்.

அனுப்ரியா காலை மடக்கினாள். நீட்டினாள். முகத்தில் அப்பியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு, "பந்துதான் சார். ஃபவுல் இல்ல" என்றாள்.

எழுந்தவள் தங்கத்துக்குக் கை கொடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் கார்னருக்கு நடந்தாள். தங்கம் மூக்கிலிருந்த பஞ்சை மாற்றிக்கொண்டு, தன் வரிசையில் போய் நின்று, "நெருங்கி நில்லுங்கடி" என்று கத்தினாள்.