மடுல்கெல்லையில் பனிக்குள் ஓர் இடாப்பு

பஸ் வரும்வரை மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து விறாந்தையில் நிற்கிறேன். ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புகள். தடுப்புச் சுவருக்கான பணம் இன்னும் வரவில்லை. பனி உள்ளே நுழைந்து பிள்ளைகளை மெல்ல மறைக்கிறது. டீச்சர் வரவு இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடுகிறார். வெண்மைக்குள்ளிருந்து குரல்கள் மட்டும் மிதந்து வருகின்றன.

"செல்வராணி?"

"இருக்கேன் டீச்சர்!" மூன்று குரல்கள் ஒன்றாகச் சொல்கின்றன.

டீச்சர் என் பக்கம் திரும்புகிறார். "அவ கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போயி ரெண்டு மாசமாச்சுங்க. பேர வெட்டினா ஆள் குறையும், ஒரு டீச்சர இங்கருந்து எடுத்துருவாங்க. புள்ளைங்களுக்கும் அது தெரியும்."

பனி விலகுகிறது. வாங்குப் பலகையில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் ஒருத்திக்கு மட்டும் இடம் விட்டு.